அனூரிசம் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கசிவு: எதை, எப்போது, எங்கே பார்க்க வேண்டும்?

நியூரோ ஐசியு நர்ஸ்:
அனூரிசம் என்றால் மூளை ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகி பலூன்போல உப்பிய இடம். மண்டையைத் திறந்து அதற்குக் கிளிப் போட்ட பேஷன்ட்டை முதல் 6 மணி நேரம் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் கட்டினால் பல பேருக்கு அதற்குள் தெரிந்துவிடும். மணிக்கொரு தடவை ஜிசிஎஸ் (சுயநினைவை அளக்கும் மதிப்பெண்), கண்பாப்பா, கை கால் பலம். ஜிசிஎஸ் 2 குறைந்தால், மயக்க மருந்து தெளியவில்லை போல என்று காத்திருக்காதீர்கள். உடனே சர்ஜனைக் கூப்பிட்டு சிடிக்கு அனுப்புங்கள். மூளையின் அடியில் உள்ள பின் இணைப்புத் தமனியில் அனூரிசம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அந்தப் பக்கக் கண்பாப்பா விரிந்திருக்கலாம். அதை அப்போதே சார்ட்டில் எழுதாவிட்டால், பிறகு புதிதா பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூளைநீரை வெளியே வடிக்கும் குழாய் (டிரெயின்) இருந்தால், கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றுமுன் அதை மூடி, காது மட்டத்துக்குத் திரும்பச் சரிசெய்த பிறகே திறக்க வேண்டும். மறந்தால் நீர் மளமளவென வடியும். மூளை சுருங்கி, மேலுறையில் உள்ள சிரைகள் இழுபட்டு அறுந்து கசியும்.

கேத் லேப் டெக்னீசியன்:
தொடைத் தமனி வழியாகக் குழாய் விட்டு, அனூரிசத்துக்குள் காயில் (மெல்லிய கம்பிச் சுருள்) வைத்தவர்களுக்குத் தொடை இடுக்கையும் பாருங்கள். தோலில் தெரியும் ஓட்டைக்குச் சுமார் 2 செ.மீ. மேலேதான் தமனியில் ஓட்டை இருக்கும், அழுத்துவது அங்கே. இடுக்கு சுத்தமாக இருந்தும் இடுப்பு வலி, நாடி வேகம், பிபி சரிவு வந்தால் வயிற்றுக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறது என்று சந்தேகப்படுங்கள்.

நியூரோசர்ஜன்:
சிஸ்டர் சொன்னதோடு இன்னொன்று. அனூரிசம் வெடித்து வந்தவர் 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் மந்தமானால், கை தளர்ந்தால், கசிவாகவும் இருக்கலாம், ரத்தக்குழாய் சுருக்கமாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். சுருக்கத்துக்கு பிபியை ஏற்றுவோம். கசிவில் ஏற்றினால் ரத்தக்கட்டு பெரிதாகும். சிடி பார்க்காமல் பிபி மருந்தில் கை வைக்கவே கூடாது. சுருக்கத்தின் பாதிப்பைக் குறைக்கத் தரும் மாத்திரை நிமோடிபைன் 60 மி.கி., 4 மணிக்கொரு தடவை, 21 நாள். பிபி இறங்கினால் 2 மணிக்கொரு 30 மி.கி. என்று பிரிக்கலாம்.

ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (வலைக்குழாய்) உள்ளவர்கள், அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுவார்கள். பல் பிடுங்க வேண்டுமென்று தாங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துப் பக்கவாதம் வரும். தலைவலிக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டால் வயிற்றில் கசியும், பாராசிட்டமால் போதும். வீடு திரும்பிச் சில வாரம் கழித்து நடை தடுமாறினாலோ, தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ ரிவ்யூ தேதி வரை தள்ளிப்போடாதீர்கள். மூளை மேலுறைக்கடியில் மெதுவாகச் சேரும் ரத்தம் அப்படித்தான் காட்டும்.