போர்வெல் ஸ்டார்ட்டர் போர்டு: ஜெர்பரோடு என்னென்ன போகணும்? அனுபவப் பகிர்வு

ஓசூர், லேஅவுட்:
சர்க்யூட் போர்டு செய்யும் ஃபேக்டரிக்கு (ஃபேப்) ஜெர்பரை, அதாவது ஒவ்வொரு லேயரின் படமும் உள்ள டிசைன் ஃபைல்களை, ஜிப் பண்ணி அனுப்பினால் போதாது. போர்வெல் ஸ்டார்ட்டர் போர்டில் ரிலேயின் 415 வோல்ட் பக்கத்துக்கும் கன்ட்ரோலர் பக்கத்துக்கும் நடுவே 2 மி.மீ. வெட்டு வேண்டும். அதைச் சில்க் லேயரில் வரைந்தால் வெள்ளை மையில் அச்சாகி வரும், வெட்டாகாது. போர்டின் ஓரத்தைக் காட்டும் அவுட்லைன் லேயரில் வரையுங்கள். ஃபேப் ட்ராயிங்கில் (ஃபேக்டரிக்கான குறிப்புப் படம்) "பிளேட்டிங் கிடையாது" என்றும் எழுதுங்கள். எழுதாவிட்டால் வெட்டின் சுவரில் செம்பு ஏறி, இரண்டு பக்கத்துக்கும் நடுவே கூட்ட நினைத்த இடைவெளி குறைந்துவிடும்.

அதே ட்ராயிங்கில் எஃப்ஆர்4 (போர்டின் கண்ணாடியிழை மெட்டீரியல்), கனம் 1.6 மி.மீ., செம்பு 35 மைக்ரான், ஈயமில்லாத ஹெச்ஏஎஸ்எல் (செம்பு மேல் சால்டர் பூச்சு) எல்லாம் வரணும். டெர்மினல் பிளாக்குக்கு 1.3 மி.மீ. துளை என்றால், பிளேட்டிங்குக்குப் பிறகான அளவு என்று சொல்லுங்கள். அதை ட்ரில் அளவாக எடுத்துக்கொண்டால் துளை சுருங்கி, கால் நுழையாது.

துளைகளின் இடத்தைச் சொல்லும் ட்ரில் ஃபைலில் மி.மீ.யா இன்ச்சா, முன் சைபரை விட்டதா பின் சைபரை விட்டதா என்பது தெரியணும். மாறினால் துளைகள் எல்லாம் ஒரு மூலையில் குவியும், இல்லை போர்டுக்கு வெளியே போகும். ஐபிசி-டி-356 நெட்லிஸ்ட்டும் (எந்தப் புள்ளி எதோடு சேரணும் என்ற பட்டியல்) சேர்த்தால் ஃபேப்காரர் ஜெர்பரோடு ஒப்பிட்டு ஓப்பன் (விட்டுப்போன இணைப்பு), ஷார்ட் இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுவார்.

கிருஷ்ணகிரி, அசெம்பிளி:
எங்கள் பக்கம் தலைவலி பிஓஎம், அதாவது பார்ட் பட்டியல்தான். "0.47 மைக்ரோ, 400 வோல்ட்" என்று மட்டும் இருந்தால் பர்ச்சேஸில் சாதாரண பாலியெஸ்டர் கெபாசிட்டர் வாங்கிவிடுவார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத சப்ளையில் அந்த இடத்துக்கு எக்ஸ்2 ரகம் (மெயின்ஸில் நேரடியாகப் போடுவதற்கான பாதுகாப்பு கெபாசிட்டர்) வேண்டும். மெயின்ஸில் வரும் ஸ்பைக்கைச் சாதாரணது தாங்காமல் ஷார்ட் ஆகலாம். ரகம், வோல்டேஜ், கால் இடைவெளி, தயாரிப்பாளர் பார்ட் நம்பர், மாற்றாக எதை ஏற்கலாம் என்பது வரை எழுதுங்கள். போடக்கூடாத பார்ட்டை வரிசையிலிருந்து அழிக்காமல், "போடாதே" என்று குறியுங்கள்.

பார்ட்டை எடுத்து வைக்கும் மெஷினுக்கான பிக் அண்ட் ப்ளேஸ் ஃபைலில் கோணத்தை அப்படியே நம்ப முடியாது. டிசைன் சாஃப்ட்வேர் (சிஏடி) லைப்ரரியின் 0 டிகிரியும் மெஷினின் 0 டிகிரியும் பல பார்ட்டில் வேறு. அதனால் முதல் முனை, டையோடு கேத்தோடு, கெபாசிட்டர் பிளஸ் எல்லாம் அசெம்பிளி ட்ராயிங்கில் தெளிவாக வரணும். டாண்டலத்தில் பட்டை பிளஸ் பக்கம், அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் மைனஸ் பக்கம். வெறும் பட்டை மட்டும் வரைந்தால் இரண்டும் குழம்பும்.

தர்மபுரி, சர்வீஸ்:
டெஸ்ட் ஷீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். டெஸ்ட் பாயின்ட் டிபி1-ல் 4.75 முதல் 5.25 வோல்ட், ரிலே காயிலில் எவ்வளவு, எந்த லோடில், எந்த ஃபர்ம்வேர் என்று இருந்தால் பழுது பார்ப்பது சுலபம். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத போர்டென்றால் கிரவுண்டும் மெயின்ஸோடு சேர்ந்தது. அதை ஷீட்டின் தலையிலேயே எழுதுங்கள். தெரியாமல் ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால் ஆளுக்கே ஆபத்து.

மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் போகிற பேனலென்றால் கோட்டிங் (ஈரம் தடுக்கும் பூச்சு) ட்ராயிங்கும் வேண்டும். கனெக்டர், பிரீசெட் (திருகி அளவு மாற்றும் பார்ட்) மேல் அடிக்கக்கூடாது என்று குறிக்காவிட்டால் காண்டாக்ட் கெட்டுப்போகும்.

பர்கூர், மாணவர்:
அண்ணா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்குப் பத்து போர்டுதான். இவ்வளவும் வேணுமா?

ஓசூர், லேஅவுட்:
பத்தையும் கையால்தான் சால்டர் பண்ணுவே தம்பி, அதனால் பிக் அண்ட் ப்ளேஸ் ஃபைல் வேண்டாம். ஃபேப் ட்ராயிங், பிஓஎம், அசெம்பிளி ட்ராயிங் மூன்றும் கட்டாயம். மூன்றிலும் போர்டின் சில்க்கிலும் ஒரே ரிவிஷன் நம்பர் இருக்கட்டும். அனுப்பும் முன் வேறொரு ஜெர்பர் வியூவரில் ட்ரில் ஃபைலையும் சேர்த்துத் திற. துளைகள் பேடு (பார்ட்டின் காலைச் சால்டர் பண்ணும் செம்பு இடம்) நடுவில் உட்காருதா, அவுட்லைன் மூடியிருக்கா, கீழ் லேயர் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கா என்று பார். மேலிருந்து பார்க்கும்போது அந்த எழுத்து நேராகத் தெரிந்தால் தப்பு.