மண்டபத்தில் நிஜ மாட்டைக் கட்டி வைக்கலாமா?

லயத்துப் பெண், சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். பொங்கலுக்கு எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கலைக் கண்காட்சி வைக்கிறோம், நம்மவர்களும் மாடுகளும் என்பதுதான் பொருள். அப்பா தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் 30 வருடம் மாடு வளர்த்தார், அம்மா விடியுமுன் பால் கறந்துவிட்டுத்தான் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போவார். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்ததும் மாடு பனங்கன்றுகளைத் தின்கிறது என்று ஓயாத தகராறு, கடைசியில் எல்லாவற்றையும் விற்றோம். இப்போது தம்பி ஒரு பசுவையும் கன்றையும் மண்டபத்தில் மூன்று நாள் கட்டி வைப்போம் என்கிறான், வெளிநாட்டில் இதெல்லாம் செய்திருக்கிறார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

செம்பனை நிழல்:
தம்பி சொல்வது உண்மைதான். 1969இல் குனெல்லிஸ் என்ற கலைஞர் ரோம் நகரக் கேலரி ஒன்றில் 12 குதிரைகளைக் கட்டி வைத்தார், அதுவே படைப்பு. 1974இல் ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் நியூயார்க்கில் கயோட்டி என்ற காட்டு விலங்கோடு ஒரே அறையில் மூன்று நாள் பழகினார், அவர் போர்த்தியிருந்த கம்பளத்தை அது கடித்து இழுத்தது. எனக்குப் பாய்ஸ் செய்தது பிடிக்கும், ஏனென்றால் அங்கே மனுஷனும் உள்ளே இருந்தான். மாட்டைக் கட்டிவிட்டு நாம் வெளியே நின்று பார்ப்பது வேறு.

பால்காரர் பேரன்:
அக்கா, வேண்டாம். டேமியன் ஹிர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1993இல் பசுவையும் கன்றையும் நெடுக்காக இரண்டாகப் பிளந்து நான்கு கண்ணாடித் தொட்டிகளில் வைத்தார், நடுவில் நடந்து போகலாம். 1995இல் அவருக்குப் பிரிட்டனின் கலை விருதான டர்னர் பரிசும் கிடைத்தது. பெரிய படைப்பு என்கிறார்கள், ஆனால் கன்றை ஊட்டவிட்டுக் கறந்த வீட்டில் பிறந்தவன் நான், அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பழைய கொட்டகையில் ஒரு தூண் நிற்கிறது. மாடுகள் கழுத்தை உரசி உரசி இடுப்பு உயரத்தில் மட்டும் மரம் வழவழவென்று பள்ளமாகியிருக்கும், வெடிப்பில் செவலை முடி இன்னும் ஒட்டியிருக்கிறது. உங்கள் கொட்டகையிலும் பாருங்கள்.

லயத்துப் பெண்:
தம்பி, இன்று போய்ப் பார்த்தேன், இருக்கிறது! அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன், தூணில் கை வைத்துக்கொண்டு விற்ற மாடுகளின் பெயரை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார், 14 பெயர். போனில் பதிவு செய்துவிட்டேன். மண்டபத்தில் தூணை நிறுத்தி அந்தக் குரலை ஓடவிடப் போகிறோம், என் தம்பியும் சரி என்றுவிட்டான். அடி மண்ணில் ஆழமாகப் புதைந்திருக்கிறது, மரம் பிளக்காமல் எப்படிப் பெயர்த்து எடுப்பது, யாருக்காவது தெரியுமா?