துப்பறியும் கதைகளில் பிறமொழி: அலங்காரமா, தடயமா?

கார்முகில்:
ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் பிறமொழிகள் பெரும்பாலும் அலங்காரத்துக்காகவே பயன்பட்டன என்பது என் வாதம். அகதா கிறிஸ்டி 1920இல் அறிமுகப்படுத்திய பெல்ஜிய அகதியான துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோ, கொலையின் சிக்கலான முடிச்சுகளை விளக்கும்போது சரளமான ஆங்கிலம் பேசுகிறார். ‘நண்பரே’ என்று அழைப்பது போன்ற மிக எளிய இடங்களில்தான் பிரெஞ்சுக்குத் தாவுகிறார். வேற்றுமொழியில் பேசுபவர் தடுமாறுவது கடினமான சொற்களில்தானே?

தமிழினியாள்:
மதிப்புக்குரிய கார்முகில், இதற்குப் பொய்ரோவே பதில் சொல்லியிருக்கிறார். ‘த்ரீ ஆக்ட் டிராஜடி’ நாவலின் முடிவில், தமக்குப் பிழையற்ற ஆங்கிலம் தெரியும் என்றும், உடைந்த ஆங்கிலம் பேசினால் ஆங்கிலேயர் தம்மை இளக்காரமாக எண்ணி எச்சரிக்கையின்றி இருப்பார்கள் என்றும் விளக்குகிறார். ஆக, அந்தப் பேச்சு அவருடைய தொழிற்கருவி.

இன்னும் வலுவான சான்று 1887இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் இருக்கிறது. பிணம் கிடந்த அறையின் சுவரில் இரத்தத்தால் ‘ராஹெ’ (RACHE) என்று எழுதப்பட்டிருக்கிறது. ‘ரேச்சல்’ (RACHEL) என்ற பெண் பெயரை எழுத முயன்று பாதியில் விட்டுவிட்டார்கள் என்று காவல்துறையின் லெஸ்ட்ரேட் கருதுகிறார். அது பழிவாங்குதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல் என்று ஹோம்ஸ் சொல்வதோடு நின்றிருந்தால் நீங்கள் சொல்வது சரியாகியிருக்கும். ஆனால், உண்மையான ஜெர்மானியர் அச்செழுத்தில் எழுதும்போது லத்தீன் வடிவத்தையே கையாள்வார், இங்கோ ஓர் எழுத்து ஜெர்மன் பாணியில் இருக்கிறது, ஆகவே இது ஜெர்மானியராக நடித்தவரின் வேலை என்று அவர் அடுத்த அடியை வைக்கிறார். பிறமொழி அங்கே குற்றவாளியின் முகமூடியாகிறது.

வழிப்போக்கன்:
போஹீமிய மன்னர் வரும் 1891ஆம் ஆண்டுச் சிறுகதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையொப்பமில்லாத கடிதத்தின் ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குத் தள்ளப்பட்டிருப்பதை வைத்தே, எழுதியவர் ஜெர்மன்காரர் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். வினைமுற்றைக் கடைசியில் வைத்தே பழகிய நமக்கு அந்த இடம் தனி இன்பம் தருகிறது.

கார்முகில்:
ஹோம்ஸ் கதைகளைப் பொறுத்தவரை உங்கள் இருவரின் சான்றுகளையும் மறுக்க முடியவில்லை. ஆனால் பொய்ரோ விளக்கம் என்னை நிறைவு செய்யவில்லை. தொடக்கம் முதலே அவர் அப்படித்தான் பேசுகிறார். காரணம் பல ஆண்டுகள் கழித்தே வருகிறது. 33 நாவல்களின் பேச்சு நடையை ஒரு நாவலின் இறுதிப் பக்கம் எப்படி நியாயப்படுத்தும்?

தமிழினியாள்:
பேச்சு நடையை விட்டுவிட்டுக் கதைக்கட்டைப் பாருங்கள். 1934இல் வந்த, பொய்ரோ துப்பறியும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நாவலில், கொலை நடந்த இடத்தில் கிடைத்த கைக்குட்டையில் உள்ள ஆங்கில ‘ஹெச்’ எழுத்து, ரஷ்ய நெடுங்கணக்கில் ‘ந’கர ஒலியைக் குறிக்கிறது. அது தெரியாதவர் ‘ஹெச்’சில் தொடங்கும் பெயர்களையே தேடிக்கொண்டிருக்க, கைக்குட்டைக்கு உரியவரோ நடாலியா என்ற ரஷ்ய இளவரசி. இந்த மொழியறிவு இல்லாமல் அந்தத் தடயம் அவரிடம் போய்ச் சேரவே வழியில்லை. இதை அலங்காரம் என்று என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது.