தறிக்குடோன் இரைச்சலை அளக்கும் செயலி: ஸ்விட்ச் எத்தனை வேண்டும்?

பீளமேடு_கோடர்:
நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு செயலி எழுதுகிறோம். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டுபவர்களின் போன் மைக்கை வைத்து, எந்தக் குடோனில் (விசைத்தறி ஓடும் கொட்டகையில்) எத்தனை டெசிபல் இரைச்சல் என்று வரைபடம் போடுவதுதான் நோக்கம். நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை. அதை யார் போய் அளக்கிறார்கள்? மைக், இருப்பிடம், அசைவு உணரி என மூன்றும் தேவை. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச், எந்த நேரம், எவ்வளவு துல்லியம், யார் பார்க்கலாம் என்று விரிவான செட்டிங்ஸ் பக்கம் வைத்திருக்கிறேன். முழுக் கட்டுப்பாடும் பயனர் கையில். குறை இருந்தால் சொல்லுங்கள்.

பள்ளிபாளையத்துக்காரி:
அந்தப் பக்கத்தை யாருங்க திறப்பாங்க? தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கைச்சாடையில்தான் பேசுகிறோம். இழை அறுந்தால் ஓட வேண்டும். அந்த நேரத்தில் துல்லியம் எவ்வளவு வேண்டும் என்று போன் கேட்டால், எல்லாவற்றுக்கும் 'சரி' அமுக்கிவிட்டுப் போவோம். அப்புறம் 'நீங்கள்தானே அனுமதித்தீர்கள்' என்பீர்கள். எதையும் தொடாவிட்டாலும் பாதுகாப்பாக இருக்கிற மாதிரி செய்யுங்கள், அது போதும்.

தரவுப்பித்தன்:
எல்லாவற்றையும் மூடி வைத்துக் கொடுத்தால் வரைபடம் காலியாகத்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து 'தோராய இருப்பிடம்' என்று ஒன்று இருக்கிறது. அது காட்டுவது சுமார் 3 சதுர கிலோமீட்டர். சோமனூரில் அந்தப் பரப்புக்குள் எத்தனை குடோன்! எது இரைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தனியுரிமை, தனியுரிமை என்றே காது போகும் பிரச்சினையை மறந்துவிடுகிறோம்.

பீளமேடு_கோடர்:
ஒலிப்பதிவு எதுவும் போனை விட்டு வெளியே போகாது. போனிலேயே டெசிபல் கணக்கிட்டு எண்ணை மட்டும் அனுப்புகிறோம்.

பள்ளிபாளையத்துக்காரி:
அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு? மைக் ஓடினால் திரை ஓரத்தில் பச்சைப் புள்ளி வரும். எண்ணை எடுத்தாலும் பேச்சை எடுத்தாலும் ஒரே புள்ளிதான். வெளியே அனுப்பிய டெசிபல் எண்களை எங்களுக்கே பட்டியலாகக் காட்டி, வேண்டாததை அழிக்க விடுங்கள். செட்டிங்ஸை விட அதுதான் உதவும்.

இன்னொன்று. நீங்கள் கூகுளை நினைத்துப் பயப்படுகிறீர்கள், நாங்கள் பயப்படுவது முதலாளியை. இங்கே முன்பணம் வாங்கித்தான் பலரும் தறி ஓட்டுகிறோம். லீவு நாளில் வேறு குடோனில் போய் வேலை கேட்டது இருப்பிடத் தடத்தில் தெரிந்தால் என்ன ஆகும்? வேலை நேரத்துக்கு வெளியே செயலி தானாகவே தூங்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்விட்சும் வேண்டாம்.

தரவுப்பித்தன்:
பெயரே இல்லாமல்தானே சேமிக்கிறார்கள்?

அவிநாசி_ரோடு:
பெயரை எடுத்தால் மட்டும் போதாது. 2013-இல் வந்த ஒரு ஆய்வு: 15 லட்சம் பேரின் போன் தடங்களில், இடமும் நேரமுமாக நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடிந்தது. அப்புறம் கோடர், அசைவு உணரிக்கு ஆண்ட்ராய்டு பொதுவாக அனுமதியே கேட்பதில்லை. ஆகவே அதை நிறுத்த உங்கள் செயலிக்குள்தான் வழி இருக்க வேண்டும். மற்றபடி அந்த அம்மணி சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடில்லை. தானாகத் தூங்கும், தானாக மறைக்கும் என்று எல்லாவற்றையும் நாமே முடிவு செய்தால், பயனரைக் குழந்தையாக நடத்துகிறோம். விரிவான பக்கமும் உள்ளே இருக்கட்டும், வேண்டியவர் போய்ப் பார்க்கட்டும்.

பள்ளிபாளையத்துக்காரி:
இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் முதல் திரையில் வேண்டாம்.

பீளமேடு_கோடர்:
சரி, இப்படிச் செய்கிறேன். முதல் திரையில் 'இப்போது அளக்கிறேன்', 'நிறுத்து' என்று இரண்டு பெரிய பொத்தான்கள் மட்டும். ஷிப்ட் முடிந்தால் தானாக நிற்கும். ஒரு குடோனில் ஐந்து போன்கள் சேர்ந்த பிறகே அதன் எண் வரைபடத்தில் ஏறும். யார் அளந்தது என்று கண்டுபிடிப்பது கடினம்.

பள்ளிபாளையத்துக்காரி:
ஐந்தா? எங்கள் தெருவில் பாதிக் குடோன்களில் ஒரு ஷிப்டுக்கு ஒருவர் அல்லது இருவர்தான். அந்தக் கணக்கில் நாங்கள் வரைபடத்திலேயே வரமாட்டோம்.

பீளமேடு_கோடர்:
அப்படியானால் சின்னக் குடோன்களைத் தெரு அளவில் சேர்த்துக் காட்டுகிறேன்.

தரவுப்பித்தன்:
தெரு அளவில் காட்டினால் எந்தக் குடோன்காரரிடம் போய்க் கேட்பது? அவரவர் பக்கத்துக் குடோனைக் கைகாட்டுவார்.