மறு: ‘லீட் ரூம்’ – பறவைப் படக்கலைக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புதியவர்களுக்காக நாம் எழுதும் பறவைப் படக்கலைக் கையேட்டுக்கு, ‘லீட் ரூம்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்வெளி, பறப்புவெளி, அலகுவெளி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. பொருளில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை: பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் சட்டகத்துக்குள் நாம் விடும் காலியிடம். அதை விடாமல் எடுத்த கூழைக்கடா, சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

முன்வெளி வேண்டாம். பறவைக்கும் கேமராவுக்கும் நடுவிலுள்ள நாணலையும் நீரையும் ‘முன்புலம்’ என்கிறோம். புதியவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். பறப்புவெளி அழகான சொல். ஆனால் கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு அது பொருந்துமா? தொடக்கத்தில் எல்லோரும் எடுப்பது உட்கார்ந்த பறவையைத்தான். அலகுவெளியை முன்மொழிந்த கோவை ஐயா பொறுத்தருள வேண்டும்: இயற்பியல் படித்தவர் கண்ணில் ‘அலகு’ பட்டால் மீட்டரும் கிலோகிராமும்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘நோக்குவெளி’. சங்குவளை நாரை ஒன்று உடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி வலப்பக்கம் பார்க்கிறது. காலியிடம் எந்தப் பக்கம்? சொல்லிலேயே விடை இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கான பதிவைக் கையேட்டில் ‘சட்டக அமைப்பு’ப் பகுதியில் மட்டும் வைத்தால் போதாது, ‘குவியம்’ (ஃபோகஸ்) பகுதியிலிருந்தும் இதற்குச் சுட்டு வேண்டும். புதியவர் நோக்குவெளி விடாததற்குக் காரணம் பெரும்பாலும் ரசனைக் குறைவு அன்று, கேமராவின் குவியப் புள்ளிகளில் நடுவிலிருக்கும் நடுப்புள்ளி. 9 குவியப் புள்ளிகள் உள்ள தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பலவற்றில் நடுப்புள்ளி மட்டுமே நுட்பமான குறுக்கு வகை (நெடுக்குக் கோட்டையும் கிடைக்கோட்டையும் உணர்வது). அதை நம்பிக் கண்ணின்மேல் வைக்கிறார்கள். கண் படத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வாலுக்குப் பின்னே வெறும் வானம், அலகுக்கு முன்னே இடமில்லை. உட்கார்ந்த பறவைக்குப் பக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அல்லது நடுப்புள்ளியால் கண்ணைக் குவித்து, பாதி அழுத்திய ஷட்டர் பொத்தானை விடாமல் சட்டகத்தை நகர்த்தச் சொல்லலாம்.

நகர்த்தும்போது முன்பின் அசையக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரி உள்ளது) 400 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6 துளை என்றால், 10 மீட்டர் தொலைவில் புல ஆழம் (முன்பின்னாகத் தெளிவாகத் தெரியும் பகுதி) சுமார் 20 சென்டிமீட்டர். 5 மீட்டருக்கு வந்தால் ஐந்தே சென்டிமீட்டர்தான். நம்மை நேராகப் பார்க்கும் நாரையின் கண் தெளிந்தால் அலகு நுனி கலங்கிவிடும். பக்கவாட்டில் நிற்கும் பறவையை முதலில் எடுக்கச் சொல்வது இதனால்தான். நோக்குவெளிக்கும் வேலை வருவது அங்கேதான்.

*

ஐயா, வணக்கம். அலகுவெளியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கிலோகிராமுடன் என்னால் போட்டியிட முடியாது. ஆனாலும் இரண்டு ஐயங்கள்.

ஒன்று, பறக்கும் பறவை. செம்பருந்து வட்டமிடும்போது பக்கப் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது? இரண்டு, ‘லீட் ரூம்’ ஓடும் ரயிலுக்கும் உண்டு. ரயிலுக்கு நோக்கு ஏது?

*

முதல் ஐயத்துக்கு: பறக்கும்போது நடுப்புள்ளியே சரி. பறவை நகர நகரக் குவியத்தை மாற்றிக்கொண்டே வரும் தொடர்குவிய முறையில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி அளவுக்கு உயர்த்தி, பறவையைச் சற்றுச் சிறிதாகவே பிடிக்க வேண்டும். நோக்குவெளியைப் பிறகு வெட்டி அமைத்துக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படத்தின் நீள அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலும் 10 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும்; அச்சிட அது தாராளம். சட்டகம் நிறைய இறக்கை தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள்தான் இறக்கை நுனியை இழக்கிறார்கள். பறவையின் கண்ணைத் தானே கண்டறியும் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே குறைவு. பறவையைச் சட்டகத்தின் எந்த மூலையில் வைத்தாலும் குவியம் பெரும்பாலும் கண்ணைத் தேடிப் போய்விடும்.

ரயில் கேள்வி நியாயமானது. அதை நான் யோசிக்கவே இல்லை. இழுத்துப் பிடித்து ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். வண்டிகளுக்குச் ‘செல்வெளி’ என்று தனிப்பதிவு போடலாம். நம்முடையது பறவைக் கையேடு. அதில் நோக்குவெளி மட்டும் போதும். வேடந்தாங்கல் பருவம் நவம்பரில் தொடங்குவதற்குள் கையேட்டை முடிக்க வேண்டியிருப்பதால், பதிவின் வரைவை இப்போதே தருகிறேன். திருத்தங்களை இங்கேயே எழுதுங்கள்.

நோக்குவெளி (பெயர்ச்சொல்): பறவையின் கண் நோக்கும் திசையில், அலகு நுனிக்கும் சட்டக விளிம்புக்கும் இடையே விடப்படும் இடம். எதிர்ச்சொல்: பின்வெளி. காண்க: குவியப் புள்ளி, புல ஆழம், வெட்டுதல்.