கணித சேருக்கு ஒரு நன்றிக் கடிதம் சேர்க்க வேண்டும்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் 1998 முதல் 2003 வரை எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேரைத் தேடுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு மாலையில் காசு வாங்காமல் வகுப்பு வைப்பார். கரண்ட் போனால் லாந்தர் வெளிச்சத்தில் அட்சரகணிதம் தொடரும். நாங்கள் இருந்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசி, என்னைக் கொழும்புக் கடை வேலைக்கு அனுப்பாமல் தடுத்தவர். இன்று நானும் ஆசிரியர்.

பதுளைக்கு மாற்றலாகி ஓய்வுபெற்றார் என்பது வரைதான் தெரியும். பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. கூடப் படித்தவர்களுக்கும் தெரியவில்லை. வலயக் கல்விப் பணிமனையில் முகவரி தர மாட்டார்களாம், அது சரிதான். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு முன் கடிதம் அவர் கைக்குப் போக வேண்டும்.

பிரதேச செயலக ஓய்வூதியப் பிரிவில் கடிதத்தைக் கொடுத்தால் அவரிடம் சேர்ப்பிப்பார்களா?