மார்கழிக் குளிரில் மட்டக்குதிரை இளைக்கிறது, சூடு தரும் தீனி எது?

நாகலூர் லாயம்

வணக்கம். ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். இரண்டு மட்டக்குதிரைகள் வைத்திருக்கிறேன், சுற்றுலா வருபவர்களுக்குச் சவாரி விடுவதுதான் பிழைப்பு. மூத்தவன் முத்து, விற்றவர் பதினைந்து வயது என்றார், வாயைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாம் அதற்கு மேல்தான் சொல்கிறார்கள். இளையவள் ராணி, ஏழு வயது, போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. ஐப்பசி மழை பிடித்ததில் இருந்து முத்து இளைத்துக்கொண்டே போகிறான். முடி அடர்ந்து நிற்பதால் பார்வைக்குத் தெரியவில்லை, சேணம் கட்டும்போது வார் இரண்டு துளை உள்ளே போகிறது, அப்போதுதான் கவனித்தேன்.

தீனியில் நான் குறை வைக்கவில்லை. காலையில் வேகவைத்த கொள்ளு, ஒன்றரைக் கிலோ கோதுமைத் தவிடு, கொஞ்சம் வெல்லம். மதியம் திப்பி, அதாவது மாவு எடுத்த மரவள்ளிக் கிழங்குச் சக்கை, இரண்டு கிலோ (பக்கத்து வீட்டு அண்ணன் எருமைகளுக்குச் சேலத்து ஜவ்வரிசி ஆலையில் இருந்து இறக்குகிறார், அதில் எனக்கும் ஒரு பங்கு). சாயங்காலம் மறுபடி கொள்ளும் தவிடும். எஸ்டேட் ஓரம் அறுத்த புல் ஒரு கட்டு, சவுண்டல் (சூபாபுல்) தழை கிடைத்தால் அதுவும். இளைத்தவனுக்கு எள்ளு என்று அம்மா சொன்னதால் எள்ளுப் புண்ணாக்கும் ஒரு கை. ராத்திரி 13 டிகிரிக்கு இறங்குகிறது, பனி வேறு. குளிர் தாங்க மக்காச்சோளம் சேர்க்கலாமா, ராகி சேர்க்கலாமா, இல்லை டானிக் வாங்கலாமா?

கன்னங்குறிச்சி ஜட்கா

அண்ணா, என் தாத்தா சேலத்தில் ஜட்கா ஓட்டியவர். குதிரைக்குக் கொள்ளுக்கு மிஞ்சி ஒன்றும் இல்லை என்பார். இன்னும் அரைக் கிலோ கூட்டிப் பாருங்கள், பூண்டும் தட்டிப் போடுங்கள். சத்து பத்தவில்லை என்றால் நாமக்கல்லில் என் மாமாவுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது, தீவனம் ஒரு மூட்டை சொல்லி விடுகிறேன். அதில் புரதம் நிறைய.

நாமக்கல் கால்நடை மாணவி

கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கக் கோழிக்குக் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகள் குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். கோழிக்கு மருந்து, குதிரைக்கு விஷம். மூட்டையை அனுப்பாதீர்கள் தம்பி.

லாயம் அண்ணா, எதைச் சேர்ப்பது என்று பார்ப்பதற்கு முன் சில விவரம் வேண்டும். புல் கட்டு எத்தனை கிலோ, தராசில் வைத்து. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையில் இருந்து பிட்டம் வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சாணி எப்படி இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறான், மெல்லும்போது ஏதாவது கீழே விழுகிறதா, கடைசியாகக் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள்.

நாகலூர் லாயம்

அளந்துவிட்டேன். சுற்றளவு 138, நீளம் 142. புல் 11 கிலோ, பனியோடு. அது இரண்டு பேருக்கும் சேர்த்து. சாணி சின்னச் சின்ன உருண்டையாக, காய்ந்து விழுகிறது. தண்ணீர் முன்பு போல இல்லை, தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருப்பதால் வாயை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறான். மெல்லும்போது ஆமாம், வெற்றிலைச் சக்கை மாதிரி புல்லைச் சுருட்டி உருண்டையாகத் துப்புகிறான், வயசான கோளாறு என்று விட்டுவிட்டேன். புழு மருந்து போன சித்திரையில். இன்னொன்று, இரண்டு பேருக்குமே வால் முடி கொட்டுகிறது. பேன் என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.

நாமக்கல் கால்நடை மாணவி

வால் முடிக்குக் காரணம் பெரும்பாலும் சவுண்டல் தழைதான். அதில் மைமோசின் என்று ஒன்று இருக்கிறது, மாடு ஆட்டை விடக் குதிரைக்கு அது அதிகம் ஒத்துக்கொள்ளாது, பிடரி முடியும் வால் முடியும் கொட்டும், குளம்பும் கெடும். இன்றே நிறுத்துங்கள்.

இப்போது கணக்கு. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் எடை கிட்டத்தட்ட வரும். முத்து 228 கிலோ. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரையில் இருந்து இரண்டு பங்கு, ஈரம் கழித்த கணக்கில், புல், கொடி மாதிரி நார்த்தீனி வேண்டும். அதாவது நாளைக்கு மூன்றரை முதல் நாலரைக் கிலோ காய்ந்த தீனி. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உங்கள் 11 கிலோ கட்டை இரண்டாகப் பிரித்து, பனி ஈரத்தையும் கழித்தால் முத்துவுக்குப் போவது ஒரு கிலோ சொச்சம்தான், அதிலும் பாதியைத் துப்பிவிடுகிறான். அவன் பட்டினி கிடக்கிறான் அண்ணா, தவிட்டு வாளிக்கு நடுவில்.

சூடு கேட்டீர்களே, அது புல்லில்தான் இருக்கிறது. நார் பெருங்குடலில் நொதிக்கும்போது மணிக்கணக்காகச் சூடு வரும், தானியம் அந்த அளவு தராது. அதனால் காய்ந்த தீனியில் பெரிய பங்கை ராத்திரிக்கு வையுங்கள். உடம்பு காய்ந்து இருந்தால் 5 டிகிரி வரைகூட குதிரை பெரிதாகக் கஷ்டப்படாது, உங்கள் 13 டிகிரி அவனுக்கு ஒன்றுமே இல்லை. நனைந்து முடி படிந்து காற்றும் அடித்தால் கதை வேறு. மேலே கூரை, காற்று வரும் பக்கம் ஒரு தட்டி, அவ்வளவு போதும்.

திப்பி முழுக்க மாவுச்சத்து, எருமை வயிறு வேறு, குதிரை வயிறு வேறு. சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போனால் வயிற்றுவலியும் வரும், குளம்பு அழற்சியும் வரும். நாலைந்து நாளில் குறைத்து நிறுத்துங்கள். வெல்லத்தையும் விட்டுவிடுங்கள், மக்காச்சோளம் வேண்டாம், டானிக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கன்னங்குறிச்சி ஜட்கா

சரி அக்கா, கோழித் தீவனத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தவிடு? தாத்தா காலம் முழுக்கத் தவிடுதானே போட்டார்கள்?

நாமக்கல் கால்நடை மாணவி

கொஞ்சம் போட்டால் தப்பில்லை தம்பி, இங்கே நாளைக்கு மூன்று கிலோ போகிறது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே நம்பினால் உடம்பு எலும்பில் இருந்து கால்சியத்தை உருவும், முக எலும்பு புடைத்துப் பெருந்தலை நோய் வரும், கால் நொண்டும். இதில் இன்னொரு சிக்கல், கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப் புல் இரண்டிலும் ஆக்சலேட் இருக்கிறது, அது இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போடும். மாட்டுக்காரர்கள் எல்லோரும் கோ-4 (அதுவும் கம்பு நேப்பியர் ரகம்தான்) நடச் சொல்வார்கள், குதிரைக்கு அதை மட்டுமே நம்பக் கூடாது. அருகம்புல் நல்லது. குதிரைமசால் (லூசர்ன் தழை) கிடைத்தால் தினம் ஒரு கிலோ பச்சையாகக் கொடுங்கள், பேரிலேயே குதிரை இருக்கிறது, கால்சியம் நிறைய.

கொள்ளு முத்துவுக்கு நாளைக்கு அரைக் கிலோ, ஊறவைத்து வேகவைத்து, இரண்டு வேளையாக. எடை ஏற வேண்டும் என்றால் கடலை எண்ணெய் இரண்டு கரண்டியில் தொடங்கி இரண்டு வாரத்தில் 100 மில்லி வரை. அம்மா சொன்ன எள்ளில் இருக்கும் விஷயமும் எண்ணெய்தானே. கல்லுப்பு ஒரு மேசைக்கரண்டி தினமும், அப்போதுதான் தண்ணீர் குடிப்பான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். காய்ந்த தீனியைக் கூட்டிவிட்டுத் தண்ணீரை விட்டீர்கள் என்றால் குடலில் அடைத்துக்கொள்ளும், இப்போதே சாணி அதைத்தான் சொல்கிறது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைக் கீறுவது, புரள்வது, சாணி நின்றுபோவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

பல்லைக் கண்டிப்பாக டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் கடைவாய்ப் பல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்தால்தான் இப்படி உருட்டித் துப்பும். அப்போதே சாணியைக் கொடுத்துப் புழு முட்டையும் பார்த்துவிடுங்கள்.

அந்தியூர் குதிரைக்காரர்

அம்மணி சொல்வது சரி. காய்ந்த தீனி எங்கே என்று தம்பி கேட்கும் முன் சொல்கிறேன், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் நிலக்கடலைக் கொடி வாங்கிக்கொள்ளுங்கள், குதிரை விரும்பித் தின்னும், கால்சியமும் உண்டு. ஆனால் ஏற்காட்டு ஈரத்தில் பத்து நாளில் பூசணம் பிடித்துவிடும். பூசணம் பிடித்த கடலைக்கொடி குதிரைக்கு ஆகவே ஆகாது. தரையில் போடாமல் பலகை அடுக்கி அதன்மேல் வையுங்கள், கையை உள்ளே விட்டால் சூடாக இருந்தாலோ மக்கிய வாடை வந்தாலோ எருக்குழிதான். மண்ணை நன்றாக உதறுங்கள். முத்துவுக்குப் பல் சரியில்லை என்பதால் நறுக்கி, தண்ணீர் தெளித்து வையுங்கள். நெல் வைக்கோலை நம்பாதீர்கள், வயிறு நிறையும், உடம்பு ஏறாது. பச்சைச் சோளப் பயிரும் வேண்டாம், மூத்திரப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும். புல் அறுக்கும் ஆளிடம் உண்ணிச்செடி கலக்காமல் கட்டச் சொல்லுங்கள், உங்கள் மலையில் அது எங்கும் கிடக்கிறது.

எதை மாற்றினாலும் பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள்.

நாகலூர் லாயம்

ஐந்து வாரம் ஆகிவிட்டது, எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், பொங்கல் கூட்டம். டாக்டர் வந்து பார்த்தார், இரண்டு பக்கமும் பல் ஊசி மாதிரி, கன்னத்தில் புண். ராவி விட்டார். மூன்றாம் நாளில் இருந்து உருண்டை விழுவது நின்றுவிட்டது. புழுவும் இருந்தது, மருந்து கொடுத்தாயிற்று. கடலைக்கொடி ராத்திரிக்கு மூன்று கிலோ, பகலில் புல் தனிக்கட்டு, அரைக் கிலோ கொள்ளு, எண்ணெய், உப்பு, தவிடு ஒரு கை மட்டும் எண்ணெய் கலக்க. சுற்றளவு 142. அடுப்பில் ஒரு பானை வெந்நீர் போட்டு வாளியில் கலக்கிறேன், ஒரே மூச்சில் இழுக்கிறான்.

பிரச்சினை இப்போது ராணி. அவளுக்கும் அதே தீனிதான் வைத்தேன். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை, கழுத்தின் மேல் பக்கம் கொழுப்பு திரண்டு கெட்டியாக நிற்கிறது.

நாமக்கல் கால்நடை மாணவி

அவளுக்கு எண்ணெயும் கொள்ளும் இன்றோடு நிறுத்தம், கடலைக்கொடியைக் குறைத்து அந்த இடத்தில் காய்ந்த அருகம்புல். உப்பு மட்டும் இருக்கட்டும். கழுத்து கெட்டியானால் குளம்பு அழற்சிக்கு வாய்ப்பு அதிகம், குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா என்று.

கன்னங்குறிச்சி ஜட்கா

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி இருக்கிறதே அக்கா?

நாமக்கல் கால்நடை மாணவி

அது மனிதருக்கு, தம்பி.

நாகலூர் லாயம்

குளம்பு குளிர்ந்துதான் இருக்கிறது. தீனி நேரத்தில் ராணியைச் சில்வர் ஓக் மரத்தடியில் தனியாகக் கட்டுகிறேன். முத்துவின் வாளிச் சத்தம் கேட்டால் அங்கிருந்து கனைக்கிற கனைப்பு கீழே ரோடு வரை கேட்கிறது.